நடுங்காத போன்

செல்போன் கடை வைத்திருப்பவனுக்குத் தெருவின் ரகசியங்களில் பாதி தெரிந்துவிடும். போனைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாலும் ஏதாவது கண்ணில் பட்டுத் தொலைக்கும். பார்த்ததை வெளியே விடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் முக்கியம். அதில் நான் கெட்டிக்காரன் என்று பதினாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கடை தெருமுனையில் இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். போன் வாங்குகிறவர்களுக்கு உறை இலவசம், என் பிரசங்கமும் இலவசம். பேருந்தில் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசாதீர்கள். ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் போனைக் கவிழ்த்து வையுங்கள். வேலையில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமானால் ஒரே ஒரு அடி அடிக்கவிட்டு வைத்துவிடுங்கள், கை ஒழிந்ததும் அவரே கூப்பிடுவார். இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தெருப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கடைசி புத்திமதியை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மிஸ்டு கால் கொடுப்பது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த ஒரு மதியம், பிடிக்காரரும் அவர் மனைவியும் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மா உள்ளே வந்தார். பிடிக்காரர் படியிலேயே நின்றார்.

பிடிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலை அவர்களுடையது. மொட்டைமாடியில் கப்பி கட்டி, கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் ஒருவர் உட்கார்ந்து அடிப்பார். கயிற்றின் மறுமுனையை இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடி கீழே ஒருவர் நிற்பார். கீழே நிற்பவர் இவர். இருபத்தைந்து வருஷத்தில் இவர் கையில் ஒரு விரற்கடை கயிறு தானாக நழுவியதில்லை. மேலே தொங்குகிறவர்கள் இவர் பிடிக்கிறார் என்றால் பலகையிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

போன வருஷம், அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆறாவது மாடியிலிருந்து ஒருவர் விழுந்து செத்தார். அவருடைய சொந்தத் தங்கை புருஷன். இருவரும் பத்து வருஷ ஜோடி. மேலே இருப்பவர் மாப்பிள்ளை, கீழே இருப்பவர் மச்சான்.

அந்தக் கட்டடம் என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். பதினொரு மாடியும் இப்போது வெளிர் மஞ்சள். ஆறாவது மாடியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும், ஒரு கதவு அகலத்துக்குப் பழைய சாம்பல் நிறம் அப்படியே இருக்கிறது. அடுத்து வந்த ஜோடி சுற்றிலும் அடித்துவிட்டு அதை விட்டுவிட்டது. விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அடிக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

எப்படி விழுந்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிடிக்காரர் ஒரே பதில்தான் சொன்னார். "கை தவறிடுச்சு." தெரு அதை நம்பவில்லை. போனில் பேசிக்கொண்டே கயிற்றை விட்டுவிட்டார் என்று தெரு முடிவு செய்தது. அவர் மறுக்கவும் இல்லை. தங்கை பக்கத்துப் பாகத்தில்தான் இருக்கிறார். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. அண்ணியோடு கொல்லையில் நின்று பேசுவார். அண்ணனோடு ஒரு வார்த்தை கிடையாது.

அதற்குப் பிறகு அவர் கயிற்றைத் தொடவில்லை. இன்னொரு கோளாறும் வந்து சேர்ந்தது. திடீரென்று சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். போன் நடுங்குகிறது என்பார். பையில் போனே இருக்காது. அந்த நேரத்தில் கையில் என்ன இருந்தாலும் கீழே விழுந்துவிடும். டம்ளர், தட்டு, ஒரு நாள் கொதிக்கும் சோற்றுப் பானை. வைத்தியர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இருதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மா இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

இப்போது ஒரு கிடங்கில் வாயிற்காவல் வேலை கிடைத்திருக்கிறது. உட்கார்ந்த வேலை. லாரி வருவதற்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்வார்களாம், அதனால் கையில் போன் இருந்தாக வேண்டும். போன் இல்லாவிட்டால் வேலை இல்லை. வருஷம் முழுக்க அந்த அம்மா ஒருத்தி தைத்துத்தான் வீடு ஓடுகிறது.

நான் நாலைந்து போனை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். பெரிய திரை, சின்னத் திரை, படம் எடுப்பது, பாட்டுப் பாடுவது. அவர் எதையும் பார்க்கவில்லை. படியில் நின்றபடியே கேட்டார்.

"நடுங்காத போன் இருக்கா தம்பி?"

எந்தப் போனிலும் நடுக்கத்தை நிறுத்திவைக்கலாம் என்று செய்து காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். நிறுத்தினது திரும்ப வந்துவிடும், உள்ளேயே அது இருக்கக் கூடாது என்றார். சரி, வாடிக்கையாளர் கேட்டால் செய்யவேண்டியதுதான் என்று ஒரு பட்டன் போனைத் திறந்து, நடுங்க வைக்கும் அந்த மோட்டாரைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

அடுத்த நிபந்தனை, யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையைப் பார்க்காமலே தெரியவேண்டும். வயதானவர்களுக்கென்று ஒரு ரகம் வருகிறது. கூப்பிடுகிறவர் பெயரைப் போனே சத்தமாகச் சொல்லும். அந்த அம்மாவின் எண்ணை வழக்கம்போல 'வீடு' என்று ஏற்றி, கூப்பிடச் சொன்னேன். போன் கரகரத்த குரலில் வீடு, வீடு, வீடு என்றது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. வீடு என்று போடாதே, அவள் பெயரைப் போடு என்றார். போட்டேன்.

பணம் வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அவர் காவல் வேலையில் இருக்கும்போது ஒரு அடி அடிக்கவிட்டு வைத்துவிடுங்கள் அக்கா என்று அந்த அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், பிடிக்காரர் முதல்முறையாகப் படியேறி உள்ளே வந்தார்.

"அத மட்டும் சொல்லாத தம்பி. கூப்பிட்டா நான் எடுக்கற வரைக்கும் அடிக்கட்டும். எடுத்தப்புறம் பேசட்டும். பாதியில வைக்கக் கூடாது."

வயசானால் மனுஷனுக்குப் பிடிவாதம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

மறுநாள் மாலை நாலரைக்கு அந்த அம்மா மட்டும் வந்தார். பழைய போனைக் கொண்டுவந்திருந்தார். புருஷனின் கருவிப் பெட்டியில், காய்ந்த தூரிகைகளுக்கு அடியில், துணி சுற்றி வைத்திருந்ததாம். அதிலிருக்கும் எண்களைப் புதிதுக்கு மாற்ற வேண்டும். அவருக்குத் தெரியாமல்தான் எடுத்துவந்தேன், கேட்டால் தரமாட்டார், காலையில் கொல்லையில் நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன் என்றார்.

அந்தப் போனை எனக்கு நன்றாகத் தெரியும். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு திரை செத்துப்போய் என்னிடம்தான் வந்தது. மாற்றுத் திரை கையில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் அண்ணே என்று அனுப்பினேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். சொல்லப்போனால் இரண்டாவது முறை திரை வந்திருந்தது. சோம்பல்.

இப்போது அந்தத் திரையை மாட்டி, மின்சாரம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் போன் விழித்துக்கொண்டது. எண்களைத் தேடப்போய் என் விரல் தவறின அழைப்புகளின் பட்டியலைத் திறந்துவிட்டது. பட்டியல் விபத்து நடந்த தேதியோடு நின்றிருந்தது; பழைய ரகம், புதிய அழைப்பு கீழேதான் வரும். அன்று காலை ஒன்பதேகாலிலிருந்து மாப்பிள்ளை, மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று பதினேழு வரி. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, பத்து நிமிஷத்துக்கு ஒன்று.

அந்த அம்மா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் அவருக்கு.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்காரா?" என்றார். "இவரு ஒரு தடவகூட எடுக்கலையா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேலே தொங்கிக்கொண்டிருந்தவர் ஏதோ ஆபத்து என்று பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறார், கீழே நின்றவர் எடுக்கவே இல்லை. அந்த அம்மா அப்படித்தான் அர்த்தம் செய்துகொண்டார். வேறெப்படிச் செய்துகொள்ள முடியும்? தன் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டார். அவர் எடுக்கும் வரை அடிக்கவிட்டார். கடைக்கு வாங்க என்று மட்டும் சொன்னார்.

கிடங்கு பக்கம்தான். கால்மணி நேரத்தில் வந்தார், காவல் சட்டையோடு. கண்ணாடிமேல் எரிந்துகொண்டிருந்த திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எடுக்கலையா நீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. குரல் உயரவில்லை. "மேலேருந்து அத்தனை தடவ கூப்பிட்டிருக்காரு. ஒரு வருஷமா கை தவறிடுச்சு, கை தவறிடுச்சுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கீங்க. தெருவே பேசினப்ப நான் உங்களுக்காகச் சண்டை போட்டேங்க. என் வீட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்லன்னு சொன்னேன்."

சரி, இதுவே இருக்கட்டும் என்பதுபோல அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அப்படியே விட்டிருந்தால் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டே இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

என் வாய் இருக்கிறதே. நாலு நாள் பட்டினி போட்டாலும் அடங்காது. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கியது. பெரிய துப்பறிவாளன் மாதிரி சொல்லிவிட்டேன்.

"அக்கா, இது கூப்பிட்டது இல்ல. ஆபத்துன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணா ரெண்டு மணி நேரம் கூப்பிடுவாங்களா? எல்லாமே ஒரே அடி. கயித்துக்குச் சைகையா அண்ணே இது? ஒரு அடி அடிச்சா இறக்குன்னு..." சொல்லிக்கொண்டே விரலைக் கடைசி வரிக்கு நகர்த்தினேன். பதினெட்டாவது வரி. பதினொன்று பதினாறு. மாப்பிள்ளை இல்லை. வீடு.

என் விரலை எடுத்துக்கொள்ள நேரம் இல்லை. அந்த அம்மா படித்துவிட்டார்.

பிடிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு மெதுவாகப் பேசினார், என்னிடம் சொல்வதுபோல.

"கீழ ஜெனரேட்டர் ஓடிட்டிருந்துச்சு. விசிலடிச்சா கேக்காது. மூணு நாளாத்தான் இந்த ஏற்பாடு. ஒரு அடி அடிச்சு நின்னா ஒரு முழம் இறக்கணும். விடாம அடிச்சா இழுக்கணும். போன பைக்குள்ள போட்டு நடுங்க வச்சிருந்தேன். திரைதான் செத்துப்போச்சே, யாருன்னு எங்க பாக்குறது. வீட்ல சொன்னா பயப்படுவீங்கன்னு மாப்பிள்ளைதான் சொல்ல வேணாம்னான்." வெளியே தெரிந்த மஞ்சள் கட்டடத்தைக் கையால் காட்டினார். "குழாய்க்குப் பின்னாடி மூலை அடிக்க எட்டல அவனுக்கு. இடுப்புல கட்டற பாதுகாப்புப் பட்டையக் கழட்டிட்டு ஒரு கால ஜன்னல் விளிம்புல வச்சிருந்தான். நான் மேல பாக்கல. நடுங்கிச்சு, இறக்கினேன். அவ்வளவுதான்."

அந்த அம்மா கேட்டார், "நான் குடுத்ததுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னியே நீ. மிஸ்டு கால் குடுத்தேன், அப்பவே திருப்பிக் கூப்பிட்டிருக்கக் கூடாதான்னு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படிச் சொன்ன பெண்ணைத் தேற்றி, வீட்டுக்கு அழைத்துவந்து, அதற்குப் பிறகு ஒரு வருஷமும் இரண்டு மாசமும் இந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. தெரு திட்டியது, தங்கை கதவை மூடினார், வேலை கொடுத்த மேஸ்திரி முகத்தில் துப்பாத குறையாகப் பேசினான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி பழி கழிந்திருக்கும்.

அந்த அம்மா இப்போது அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தார். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"நானா குடுக்கலங்க," என்றார். "உங்க தங்கச்சிதான் குடுக்கச் சொன்னா."

அவருக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு மீன் வாங்கியிருந்தா. ரெண்டு பேரும் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரணும்னு ஆசை. மேல தொங்கறவருக்குப் போன் போடக் கூடாது, ஆபத்து, அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க அண்ணி, கை ஒழிஞ்சதும் கூப்பிடும்னா. என் போன எடுத்து என் கையில குடுத்ததே அவதாங்க."

பிடிக்காரர் கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது அவருக்கும் தெரியாத விஷயம். மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் சுமந்த பழி, அதற்கும் அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்த தங்கையையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறது. மூன்று பேரும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கு நிச்சயம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் இது தெரியக் கூடாது.

சலவைக் கூடம் ஐந்தரைக்கு விடும். தங்கை அங்கேதான் வேலை செய்கிறார். போனைச் சரிசெய்யக் கொண்டுபோவதாக அண்ணி காலையில் சொன்னது மனதில் இருந்திருக்கிறது. நேராக என் கடைக்கு வந்துவிட்டார். படியில் நின்றார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். முந்தானை ஈரம்.

"அந்தப் போன்ல என்ன அண்ணி இருந்துச்சு?"

நான் போனைக் கவிழ்த்து, உள்ளங்கையால் மூடிவிட்டேன். ஒண்ணுமில்லை, எல்லாம் அழிஞ்சுபோயிருக்கு என்றார் அந்த அம்மா. நல்ல பொய்தான், ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை. தங்கை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஒரு வருஷமும் இரண்டு மாசமும் கழித்து, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே. அன்னைக்கு நீ போன்ல பேசிட்டிருந்தியா? ஊரு சொல்லுது. நீ உன் வாயால சொல்லு."

பிடிக்காரர் வெகுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாம்மா. பேசிட்டிருந்தேன்."

"யார்கூட?"

பொய் சொல்லிப் பழகாதவர், முதல் பொய்யோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. அந்த அம்மா வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். என்கூடத்தான் என்று சொல்வார். சொன்னால், எப்போது பேசினீர்கள் அண்ணி என்று கேள்வி வரும், அந்தக் காலை வரும், மீன் வரும், யார் போனை எடுத்து யார் கையில் கொடுத்தது என்பது வந்து நிற்கும்.

"என்கூடத்தான்மா," என்றேன் நான்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"திரை வந்திருக்கு, எப்ப வந்து மாத்திக்கிறீங்கன்னு கேக்கக் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"வேலையில இருக்கீங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"கயிறு பிடிச்சிட்டு நிப்பாருன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கண்ணைக்கூட இமைக்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு முகம் வேண்டியிருந்தது. அண்ணன் முகம் இல்லாமல் வேறொரு முகம். பிறகு அண்ணனின் கையைப் பிடித்தார்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

அவர் சின்னப் பிள்ளை மாதிரி கூடவே போனார். அந்த அம்மா பின்தங்கி, பழைய போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். தெருவில் போகிற இருவரையும் பார்த்துக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இனிமே நாங்க இங்க வர முடியாது தம்பி. உன்கூடச் சிரிச்சுப் பேசினா அவளுக்குச் சந்தேகம் வந்துரும்."

சரிக்கா என்றேன்.

வரவில்லை. புதுப் போனில் ஏதாவது கோளாறு என்றால்கூட இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குப் போகிறார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் பிடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு அது வரவில்லை, கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர் மாதிரி இருக்கிறது. தெருவில் என் பெயர் கெட்டுப்போயிற்று. போனை வைத்து ஒரு ஆளைக் கொன்றவன் என்று என் காதுபடவே சொல்கிறார்கள். எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. திரையை நான் அந்த வாரமே மாட்டிக்கொடுத்திருந்தால் அவர் யாரென்று பார்த்திருப்பார் என்பதை நினைத்தால், முழுக்கப் பொய்யும் இல்லை.

நேற்று சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மூவரும் கடைத்தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், கையில் சாமான் பைகளோடு, நனைந்துகொண்டே ஓடிவந்து எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் கூரை இறவாணத்தடியில் ஒதுங்கினார்கள். அது ஒரு முழ அகலம்கூட இருக்காது. என் கடைக்கு முன்னால் தகரக் கூரை இருக்கிறது, பத்துப் பேர் நனையாமல் நிற்கலாம். கடையில் கூட்டமும் இல்லை. அண்ணி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், நடுவில் தங்கை. தங்கை ஏதோ சொன்னார், அண்ணன் சிரித்தார். மூன்று பேரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் சாரல் விடவில்லை, முழங்காலுக்குக் கீழே நன்றாக நனைந்துவிட்டார்கள். இங்கே வந்து நில்லுங்கள் என்று கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை.